இருட்டுத் தொட்டியில் ஜெல்லி மீன்: முதல்முறை படம் எடுப்பவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஒருநாள் மான்டரே போவது வழக்கம். கார் பயணம் ஒன்றரை மணி நேரம்தான். கடற்கரையை ஒட்டி, பழைய மத்தி மீன் டப்பா ஆலை இருந்த இடத்தில் 1984-இல் திறந்த மான்டரே பே அக்வேரியம் அங்கே இருக்கிறது. கடல்நீர்நாய், சுறா எல்லாம் பார்த்துவிட்டு வருகிறவர்கள், ஜெல்லி மீன்கள் இருக்கும் இருட்டறைக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஆழ்ந்த நீலத்தில் ஆரஞ்சுக் குடைகள் மிதக்கின்றன. அப்புறம் எல்லாருடைய கையிலும் போன் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த ஆழ்ந்த நீலம் வெளிறிப்போயிருக்கும். குடை இருந்த இடத்தில் ஒரு ஆரஞ்சுத் தீற்றல், அதன்மேல் நம் வெள்ளைச் சட்டையின் பிம்பம். என்னுடைய முதல் நாற்பது ஐம்பது படங்களும் இப்படித்தான் வந்தன.

இதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருட்டைக் கண்டால் குறை என்று எடுத்துக்கொண்டு அதை நிரப்பப் போய்விடும். ஜெல்லி மீன் படத்துக்கோ இருட்டுதான் பாதி அழகு. கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி, கேமராவை அந்த இருட்டைத் தொடவிடாமல் வைத்திருக்கும் வழிகள்தான்.

படி 1: கிளம்பும் முன்பு

கறுப்பு அல்லது கருநீலச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையிலேயே செலவில்லாத யோசனை இது, பலனும் அதிகம். தொட்டியின் வெளிச்சம் உங்கள் மேல் பட்டுத் திரும்பக் கண்ணாடியில் விழுகிறது. வெளிர் நிறத் துணி அந்த வேலையை நன்றாகவே செய்யும்.

கேமரா இருந்தால் 35 அல்லது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போதும் (எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸின் திறப்பு பெரிது, ஒளி அதிகம் வரும்). கேமராவோடு வரும் 18-55 லென்ஸிலும் எடுக்கலாம்; ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவை, அதிகமாக ஏற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். லென்ஸின் முன்னால் மாட்டும் ரப்பர் ஹூட் ஒன்றும், துடைக்கும் துணி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். போலரைசர் என்னும் ஃபில்டர் வேண்டாம். அது கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் என்று சொல்வார்கள். ஆனால் கண்ணாடிக்கு நேர் எதிரே நின்று எடுக்கும்போது அதற்கு வேலையே இல்லை. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

முக்காலிக்கு அனுமதி உண்டா என்று அந்தந்த அக்வேரியத்தின் விதிகளைப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. அசைவது ஜெல்லி மீன் என்பதால் முக்காலியால் பெரிய பயன் கிடையாது.

முடிந்தால் வாரநாளில், காலையில் கதவு திறந்ததும் நேராக ஜெல்லி மீன் அறைக்குப் போய்விடுங்கள்.

படி 2: ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள்

கேமராவை வெளியே எடுக்காமல் தொட்டியைக் கவனியுங்கள். ஜெல்லி மீனின் உடம்பில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். மூலையில் மாட்டினாலோ, வடிகட்டியின் இழுப்பில் சிக்கினாலோ கிழிந்துபோகும். அதனால் இவற்றை மூலைகள் இல்லாத தொட்டியில், தண்ணீர் மெதுவாக வட்டமடிக்கும்படி வைத்து வளர்க்கிறார்கள். இந்த வகைத் தொட்டிக்கு கிரைசெல் என்று பெயர். ஜெர்மன் மொழியில் பம்பரம் என்று பொருள்.

படம் எடுப்பவருக்கு இது பெரிய உதவி. தண்ணீர் சுற்றுவதால் ஜெல்லி மீன்களும் ஏறக்குறைய ஒரே பாதையில் திரும்பத் திரும்ப வரும். ஒன்றைத் தவறவிட்டால் பின்னால் ஓட வேண்டாம், அதே இடத்துக்கு இன்னொன்று வரும். எந்த இடத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் வருகிறது, எங்கே பின்னணி சுத்தமாக இருக்கிறது, கண்ணாடியில் எங்கே கீறல் இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு அந்த இடத்தை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: கண்ணாடியோடு ஒட்டி நில்லுங்கள்

ரப்பர் ஹூட்டைக் கண்ணாடியில் மெதுவாக, முழு வட்டமும் படும்படி வையுங்கள். லென்ஸுக்குள் வெளி வெளிச்சம் வர வழியே இல்லை என்றால் பிரதிபலிப்பும் இல்லை. ஹூட் இல்லையா? இடது கையை லென்ஸைச் சுற்றிக் குவித்துக் கண்ணாடியில் வையுங்கள்.

லென்ஸ் கண்ணாடிக்கு நேர் எதிரே, செங்குத்தாக இருக்க வேண்டும். பெரிய தொட்டிகளில் இருப்பது பெரும்பாலும் தடித்த அக்ரிலிக். சாய்வாகப் பார்த்தால் ஒளி அதற்குள் வளைந்து, நிறம் நிறமாகப் பிரிந்துவிடும்; குடையின் விளிம்பில் ஊதாவும் பச்சையுமாகக் கோடு விழும், படமும் கலங்கியிருக்கும். பக்கத்தில் போகும் ஜெல்லி மீனுக்காகக் கேமராவைத் திருப்பாதீர்கள். நேர் எதிரே வரட்டும். உருளை வடிவத் தொட்டியாக இருந்தால் இதில் இன்னும் கறாராக இருங்கள்.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஃபோகஸுக்காகக் கேமரா முன்பக்கம் எரியவிடும் சின்ன ஆரஞ்சு விளக்கையும் மெனுவில் தேடி அணையுங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். தப்பித்து உள்ளே போனாலும், தண்ணீரில் மிதக்கும் இரைத் துணுக்குகளை எல்லாம் பனித்தூறல்போல் மின்னவைக்கும். தொட்டியில் விளக்கு வைத்தவர்கள் பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ ஒளி விழும்படி யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிபோன்ற உடம்பு ஒளிர்வது அந்த ஒளியில்தான், நம்முடையது எதுவும் வேண்டியதில்லை.

படி 4: மூன்று எண்கள்

கேமராவை, எண்களை நாமே வைக்கும் மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். புதியவர்கள் தயங்குவது இங்கேதான், ஆனால் மேனுவல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வெளியில் மேகம் வரும், வெயில் போகும். இங்கே தொட்டியின் வெளிச்சம் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் அந்தத் தொட்டி முழுவதற்கும் அதே எண்கள்தான்.

இப்படி ஆரம்பியுங்கள்: ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/125 நொடி, அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600.

ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை மட்டும் 3200, பிறகு 6400 என்று ஏற்றுங்கள். ஷட்டரை 1/125-க்குக் கீழே இறக்காதீர்கள். ஜெல்லி மீன் மெதுவாகப் போவதுபோல் தெரியும். ஆனால் குடை சுருங்கும் அந்தக் கணம் வேகமானது. லென்ஸிலோ கேமராவிலோ இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், ஜெல்லி மீனின் அசைவை நிறுத்தாது. சின்ன ஜெல்லி மீன்கள் படபடவென்று துடிக்கும், அவற்றுக்கு 1/250 வையுங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் வரும் புள்ளிகளைப் பிறகு ஓரளவு நீக்கலாம். அசைவில் கலங்கிய படத்தை மீட்க முடியாது.

சரி, போதுமான வெளிச்சம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? திரையில் படம் அழகாகத் தெரிவதை நம்பாதீர்கள், இருட்டறையில் கேமராத் திரை எப்போதும் பிரகாசமாகவே தெரியும். மிகை வெளிச்சப் பகுதிகள் சிமிட்டிக் காட்டும் வசதியை இயக்குங்கள். குடையின் நடுவிலிருந்து தொங்கும் வெள்ளை மடிப்புகள் சிமிட்டினால் வெளிச்சம் அதிகம்; சிமிட்டல் நிற்கும்வரை ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். பின்னணி கறுப்பாகிறதே என்று பதற வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் அது எல்இடி விளக்கின் துடிப்பு. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

படி 5: நீலத்தை நீலமாக விடுங்கள்

நிறத்தைக் கேமரா தானே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், இங்கே நீலம் அதிகம் என்று முடிவு செய்து அதைக் கழுவிவிடும். சாம்பல் கலந்த ஒரு நிறம்தான் மிஞ்சும். பகல் வெளிச்சத்துக்கான டேலைட் அமைப்பில் வைத்துவிட்டு, கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுங்கள். பிறகு வீட்டில் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம்.

சில அக்வேரியங்களில் விளக்கு சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறிக்கொண்டே இருக்கும். முழுச் சிவப்பில் உடம்பின் நுணுக்கங்கள் கரைந்துவிடும். வெள்ளையோ வெளிர் நீலமோ வரும்வரை பொறுங்கள்.

படி 6: ஃபோகஸ்

எனக்கு அதிக நாள் பிடிபடாமல் இருந்தது இதுதான். ஆட்டோ ஃபோகஸுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது விளிம்பு வேண்டும். ஜெல்லி மீனின் உடம்போ ஊடே பார்க்கக்கூடியது. நடுக்குடையில் ஃபோகஸ் புள்ளியை வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி அலையும். புள்ளியைக் குடையின் விளிம்பில், ஒளியும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் வையுங்கள். தொங்கும் மடிப்புகளும் நல்ல இடம்தான்.

அதிலும் நிற்கவில்லை என்றால் மேனுவல் ஃபோகஸுக்குப் போங்கள். படி 2-இல் பார்த்துவைத்த இடத்துக்கு ஒரு ஜெல்லி மீன் வரும்போது ஃபோகஸ் வைத்து, வளையத்திலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அடுத்தது அதே தூரத்துக்கு வரும்போது அழுத்துங்கள். அரை மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். எஃப் 2.8 சொன்னதற்குக் காரணம் இதுவே. கண்ணாடியை உரசிக்கொண்டு வருவதை விட்டுவிடுங்கள், லென்ஸால் அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் பண்ண முடியாது.

படி 7: துடிப்புக்குக் காத்திருங்கள்

குடை சுருங்கும், தண்ணீரைத் தள்ளும், பிறகு தளர்ந்து விரியும். இந்தத் தாளம் பிடிபட்டுவிட்டால் கை தானாக அழுத்தும். நான் விரும்புவது, சுருங்கி முடித்துக் குடை மறுபடி முழுதாக விரிகிற நேரம். அப்போது இழைகள் பின்னால் நீண்டு ஒரே ஓட்டமாக இருக்கும். அந்தக் கணத்துக்குச் சற்று முன்னால் அழுத்தி மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக எடுங்கள்.

போகும் திசையில் இடம் விடுங்கள். இழைகளை நுனியில் வெட்டாதீர்கள். முழுதாக வரவில்லை என்றால் துணிந்து குடையை மட்டும் நெருக்கமாக எடுங்கள். பத்து ஜெல்லி மீன் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் படத்தைவிட, இருட்டில் தனியாக ஒன்று போகும் படம் கண்ணில் நிற்கும்.

எந்த ஜெல்லி மீனை எப்படி

மான்டரேயில் எல்லாரும் நிற்கும் ஆரஞ்சுக்காரரின் பெயர் பசிபிக் ஸீ நெட்டில். நெட்டில் என்பது தொட்டால் அரிக்கும் ஒரு செடி, நம் காஞ்சொறி மாதிரி. நம் கடற்கரையிலும் ஜெல்லி மீனைச் சொறி என்கிறார்கள். இரண்டு கடற்கரைக்காரர்களும் பட்ட அனுபவம் ஒன்றே. இதைச் செங்குத்தாக எடுங்கள், இழைகளின் நீளம் அதைத்தான் கேட்கும். முதல் படத்துக்கு இதைவிட நல்ல ஆள் கிடையாது: பெரியது, மெதுவானது, நீலத்துக்கு எதிர் நிறம்.

மூன் ஜெல்லி உரித்த நுங்கு மாதிரி. குடைக்குள் குதிரை லாட வடிவில் நான்கு வளையங்கள் தெரியும், அவை இனப்பெருக்க உறுப்புகள். அந்த நான்கும் தெரியும்படி குடையின் மேல்பக்கம் உங்களை நோக்கித் திரும்பும்போது எடுங்கள், ஃபோகஸையும் அவற்றின் மேலேயே வைக்கலாம்.

சீப்பு ஜெல்லிகள் உண்மையில் வேறு இனம். அவற்றின் உடம்பில் ஓடும் வானவில் கோடுகள் அவையே உண்டாக்கும் ஒளி இல்லை. வரிசையாகத் துடிக்கும் நுண்மயிர்கள் தொட்டியின் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வருவது. அதனால் அது திரும்பும்போது நிறம் தோன்றி மறையும். கோடு மின்னும் பக்கம் வரும்வரை காத்திருங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு

நைட் மோடை அணையுங்கள். அது ஒன்றிரண்டு நொடி ஒளியைச் சேர்க்கும். அதற்குள் ஜெல்லி மீன் நகர்ந்துவிடும், ஆரஞ்சுத் தீற்றல் வருவது இதனால்தான். 1எக்ஸ் என்றிருக்கும் முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். பெரும்பாலான போன்களில் அதிக ஒளி வாங்குவது அதுதான். போனைக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். திரையில் ஜெல்லி மீனின் விளிம்பை விரலால் சற்று நேரம் அழுத்தினால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, பின்னணி கறுக்கும்வரை குறையுங்கள்.

வீட்டில்

படம் திருத்தும் செயலியில் முதலில் கறுப்புப் பகுதியை இன்னும் கொஞ்சம் இருட்டாக்குங்கள். மிதக்கும் துணுக்குகளை, புள்ளிகளை அழிக்கும் ஹீலிங் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக அழியுங்கள். குடையின் மேல் விழுந்தவை முதலில். நிறச் செறிவை ஏற்றாதீர்கள். நீல விளக்கில் எடுத்த படத்தில் நீலம் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும், இன்னும் ஏற்றினால் பின்னணி பெயின்ட் அடித்த சுவர்போல் ஆகிவிடும். ஐஎஸ்ஓ புள்ளிகளை நீக்கும்போது இழைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய இழை அறுந்துபோனதுபோல் தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

ஊருக்குத் திரும்பிப் போன அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், அந்த இருட்டு கட்டம் கட்டமாக உடைந்து தெரியும்.