பி.எம். கிசான் பணம் நின்றுபோச்சா? முதலில் இதைப் பாருங்கள்

2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் கணக்கில் ஏறிய 2,000 ரூபாயை ‘கொரோனா பணம்’ என்று நினைத்துக்கொண்டு, நோய் போனதும் அதுவும் போய்விட்டது என்று விட்டுவிட்டவர்கள் உண்டு. அப்படி விட்டுவிடாதீர்கள். சொந்த நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு வருஷத்துக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் பி.எம். கிசான் திட்டத்தில், ஏப்ரல் - ஜூலை தவணையைத்தான் அப்போது முன்கூட்டியே போட்டார்கள். திட்டம் இன்னும் நடக்கிறது.

வேளாண் அலுவலகத்துக்கு ஓடுவதற்கு முன்னால், பி.எம். கிசான் இணையதளத்தில் ‘நோ யுவர் ஸ்டேட்டஸ்’ பகுதியைத் திறந்து பாருங்கள். பதிவு எண் தெரியாவிட்டால் செல்போன் எண்ணையோ ஆதார் எண்ணையோ கொடுத்து அங்கேயே எடுக்கலாம். இ-கேஒய்சி (ஆதார் மூலம் ஆளைச் சரிபார்ப்பது), லேண்ட் சீடிங் (உங்கள் நில ஆவணத்தைப் பதிவோடு இணைப்பது), ஆதார் பேங்க் சீடிங் (வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைப்பது) என்று மூன்று வரிகள் இருக்கும். எதில் ‘நோ’ என்று வருகிறதோ அதற்குரிய இடத்துக்கு மட்டும் போனால் போதும். இது தெரியாமல்தான் பலருக்கு வங்கிக்கும் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் வீண் அலைச்சல்.

இ-கேஒய்சி சுலபம். ஆதாரோடு இணைந்த போன் கையில் இருந்தால் ஓ.டி.பி. போதும். இல்லையென்றால் பொது சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காது. பெரியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கும் வழி இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

ஆதார் பேங்க் சீடிங்கில் ஒரு சூட்சுமம். பணம் நீங்கள் எழுதிக்கொடுத்த பாஸ்புக்குக்கு வராது. ஆதாரைக் கடைசியாக எந்த வங்கியில் மானியத்துக்காக இணைத்தீர்களோ அங்கே போகும். நூறு நாள் வேலைக்கோ கேஸ் மானியத்துக்கோ வேறு கணக்கு தொடங்கியிருந்தால் அதையும் வரவு போட்டுப் பாருங்கள். எந்தக் கணக்கும் சரிப்படாவிட்டால், தபால்காரரிடம் சொல்லி இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்கு தொடங்கி ஆதாரை இணைக்கலாம்.

நம் சிவகங்கை மாவட்டப் பக்கத்தில் ஆளை உண்மையில் முடக்கிப் போடுவது லேண்ட் சீடிங்தான். கண்மாய்ப் பாசன வயல் பாதிக்கு மேல் இன்னும் தாத்தா பேரில், அல்லது பங்காளிகள் எல்லோரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவில் கிடக்கும். உழுவது நீங்களாக இருந்தாலும் பட்டாவில் உங்கள் பேர் இல்லாமல் பணம் வராது. குத்தகைக்கு உழுபவருக்கும் இதே நிலைதான். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார் ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். பாகம் பிரிக்காத நிலம் என்றால், உட்பிரிவு வரும்வரை காத்திருக்காமல் முதலில் வாரிசுகள் பேரை ஏற்றிவிடுங்கள். 1.2.2019-க்குப் பிறகு கைமாறிய நிலத்தில் வாரிசாக வந்தது மட்டுமே செல்லும், விலைக்கு வாங்கியது செல்லாது.

பேர்ப் பிழையும் சாதாரணம். கருப்பையா என்ற ஒரே பேரை ஆதாரில் ஒரு மாதிரியும் பதிவில் வேறு மாதிரியும் ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார்கள். இரண்டு மூன்று இனிஷியல் போடும் குடும்பங்களில் கேட்கவே வேண்டாம். ஆதாரில் உள்ளபடி பேரைத் திருத்த இணையதளத்திலேயே வசதி இருக்கிறது.

பட்டா சரியானதும் அதன் நகல், ஆதார், பாஸ்புக் நகலோடு உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போங்கள். சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, எதுவோ அது. புதுப் பதிவுக்கு விவசாயி தனி அடையாள எண்ணும் கேட்பார்கள்.

வருமான வரி கட்டுபவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குபவர் (கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர் தவிர) பதிய வேண்டாம். இடைத்தரகர் சொன்னார் என்றும் பதியாதீர்கள்: 2020-ல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் பேரை இப்படித்தான் ஏற்றினார்கள், பிறகு பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள். தகுதி இருந்தும் ஆவணக் கோளாறால் நின்ற தவணை என்றால், கோளாறு தீர்ந்ததும் நிலுவையைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. 155261-ல் கேட்டு அது எந்த நிலையில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.