மாஷில் சர்க்கரையைத் தவறவிடாமல் பிழிந்தெடுக்க

முதல் நான்கு முறை பீர் காய்ச்சியபோதும் என் எஃபிஷியன்சி 60 சதவீதத்தைத் தாண்டவில்லை. மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) உடைத்து வெந்நீரில் ஊறவைப்பதுதான் மாஷ்; அதில் கிடைக்கக்கூடிய சர்க்கரையில் எவ்வளவு நம் கைக்கு வருகிறது என்பதுதான் எஃபிஷியன்சி. இப்போது 75-க்குக் கீழே போவதில்லை. நான் மாற்றியவை இவைதான்.

முதலில் கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஒரு கிலோ பேல் மால்ட்டுக்கு (வெளிர் நிற அடிப்படை மால்ட்) அதிகபட்சம் சுமார் 300 சர்க்கரைப் புள்ளிகள் என்றால், 5 கிலோவுக்கு 1500. கொதிக்க வைப்பதற்கு முன் 25 லிட்டர் வோர்ட் (மாஷிலிருந்து வடித்த சர்க்கரை நீர்) ஹைட்ரோமீட்டரில் (அடர்த்தியைக் காட்டும் மிதவை) 1.045 காட்டினால், 1.000-க்கு மேல் இருப்பது 45 புள்ளி; 25 × 45 = 1125. அதாவது 75 சதவீதம். வோர்ட்டை 20 டிகிரிக்கு ஆறவிட்டு அளந்து பாருங்கள். சூடாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் குறைத்துக் காட்டும்.

அடுத்தது மால்ட்டை உடைப்பது. என்னைத் தடுக்கி விழவைத்த இடம் இதுதான். வாங்கும் இடத்திலேயே உடைத்து வாங்கி, பார்க்காமலே தண்ணீரில் கொட்டுவேன். ஒரு நாள் மாஷ் முடிந்ததும் சக்கையில் கொஞ்சம் எடுத்து விரலால் நசுக்கினேன். பல மணிகள் முழுசாகவே கிடந்தன, நடுவில் வெள்ளையாக, கெட்டியாக. ஒரு மணி நேரம் ஊறியும் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை!

இப்போது நானே உடைக்கிறேன். மில்லின் உருளைகளுக்கு நடுவே இடைவெளி 0.9 மில்லிமீட்டர். ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள்: முழு மணி இருக்கக் கூடாது, உமி கிழியாமல் இருக்க வேண்டும். 5 கிலோவுக்கு 100 மில்லி தண்ணீர் தெளித்துப் பிசறி, பத்து நிமிடம் கழித்து உடைத்தால் உமி நொறுங்காது. உருளை மில்தான் வாங்குங்கள். பிளேடு வைத்த மிக்ஸி வேண்டவே வேண்டாம், உமியைத் தூளாக்கி வடிகட்டியை அடைத்துவிடும்.

மாஷுக்குக் கிலோவுக்கு 3 லிட்டர், 66 டிகிரி, 60 நிமிடம். மாவுக்கட்டிகள் கரையும்வரை கிளறுங்கள், இருபதாவது நிமிடம் இன்னொரு தடவை. மாஷின் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) 5.2-க்கும் 5.6-க்கும் இடையில் நிற்கட்டும். காகிதப் பட்டையைவிட மீட்டரையே நம்புவேன்.

சரி, ஸ்பார்ஜ்: சக்கையில் தங்கிய சர்க்கரையை வெந்நீரால் அலசி எடுப்பது. ஆரம்பத்தில் பேட்ச் ஸ்பார்ஜ் (தண்ணீரை மொத்தமாக ஊற்றிக் கிளறி வடிப்பது) போதும். 15 லிட்டர் ஊற்றியதில் 5 லிட்டரைச் சக்கை குடித்துவிடும், 10 லிட்டர் வடியும். 25 லிட்டருக்கு மீதி வேண்டிய 15 லிட்டரை இரண்டு பாதியாக, 76 டிகிரியில் ஊற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் அடிவரை கிளற வேண்டும்; வெறுமனே ஊற்றினால் தண்ணீர் ஒரே வழியாக ஓடிவிடும், சர்க்கரை சக்கையிலேயே தங்கிவிடும். முதலில் கலங்கி வருவதைத் திரும்ப மேலே ஊற்றித் தெளிந்ததும் வடியுங்கள். வடிவது 1.010-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுங்கள், அப்புறம் துவர்ப்புதான் இறங்கும்.

பின்சேர்க்கை: கோதுமை மால்ட் அதிகம் சேர்த்தவர்களுக்கு வடிவது நின்றுபோனதாக எழுதியிருந்தார்கள். கோதுமையில் உமி கிடையாது, அதனால் தானியம் படிந்து இறுகிவிடுகிறது. மொத்த எடையில் 5 சதவீதம் நெல் உமியைக் கழுவி மாஷில் கலந்துவிடுங்கள். குழாயையும் ஒரேயடியாகத் திறக்காமல், முதல் சில நிமிடங்களுக்குப் பாதி மட்டும் திறந்து வையுங்கள்.