டிவிஆர் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க

முதலில் டிவிஆரின் (கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி) அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். டிவிஆரை லேன் கேபிளில் ரவுட்டருடன் இணைத்து, நெட்வொர்க் மெனுவில் கேட்வே இடத்தில் ரவுட்டரின் ஐபியையும், டிஎன்எஸ் (இணையப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) இடத்தில் 8.8.8.8 என்றும் கொடுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்: டிஎன்எஸ் தவறாக இருந்தால் வீட்டு வைஃபையில் படம் வரலாம், வெளியே போனதும் 'ஆஃப்லைன்' என்று காட்டும்.

பிறகு, ரவுட்டரில் எதையும் மாற்றாமலே டிவிஆரைச் செயலியோடு இணைக்கும் பி2பி வசதியை ஆன் செய்து, திரையில் வரும் க்யூஆர் குறியீட்டை அந்த டிவிஆருக்கான செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து டிவிஆருக்கு வர ரவுட்டரில் வழி திறந்துவிடுவது) பக்கம் போகவே வேண்டாம். ரவுட்டரின் வேன் (WAN) ஐபி, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தரும் முகவரி, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அது சிஜிநாட் (ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிரும்) இணைப்பு, அதில் போர்ட் திறந்தும் பயனில்லை. பொது ஐபி இருந்தாலோ, திறந்த போர்ட்டை எவரும் தேடிப் பிடித்து உள்ளே நுழையப் பார்ப்பார்கள்.

படம் திக்கினால் செயலியில் சப்-ஸ்ட்ரீமுக்கு (குறைந்த தரக் காட்சி) மாற்றுங்கள். ஹார்ட் டிஸ்கில் பதிவு வழக்கமாக மெயின் ஸ்ட்ரீமில்தான் (முழுத் தரக் காட்சி) நடக்கும், தரம் குறையாது.