கலாக்டஸைச் சிவன் என்று சொல்வதற்கு முன்

போன கிழமை ரியூஷன் முடிந்து திருகோணமலை டச்சு பே கடற்கரைக்கு வந்த என் மருமகன் கேட்டான்: "மாமா, கலாக்டஸ் எங்கட சிவன் மாதிரித்தானே? அவரும் உலகத்தை அழிக்கிறவர்." கூட வந்த இரண்டு பெடியன்களும் தலையாட்டினார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேசர் கோயிலுக்குப் போகிற பிள்ளை அவன். ஆசையாக வாசிக்கும் கதைக்குள் தன் கடவுளும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறான். அந்த ஆசை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மார்வெல், டிசி என்ற அமெரிக்க நிறுவனங்களின் படக்கதைகளில் கடவுளையும் படைப்பையும் பற்றி நம் பிள்ளைகள் கதைக்கும்போது அதிகம் விடும் தவறும் இதுதான்.

கலாக்டஸ் 1966இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 48ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் கொண்டுவந்த பாத்திரம். பிறகு எழுதப்பட்ட பூர்வகதைப்படி, நம் அண்டத்துக்கு முன் வேறோர் அண்டம் இருந்தது. அது ஒடுங்கி அழிந்தபோது தா என்ற கிரகத்தைச் சேர்ந்த கேலன் மட்டும் தப்பினான். புதிய அண்டம் பிறந்தபோது அவன்தான் கலாக்டஸாக எழுந்தான். ஊழி ஊழியாக உலகம் தோன்றி ஒடுங்குகிறது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த கதை போல இருக்கும். ஆனால் கலாக்டஸ் கிரகங்களை அழிப்பது பசியால். தின்னாவிட்டால் அவன் செத்துப்போவான். சைவ சித்தாந்தம் சொல்லும் சங்காரத்தில் இறைவனுக்கு எந்தத் தேவையும் இல்லை. பிறந்து இறந்து இளைத்துப்போன உயிர்கள் கொஞ்சம் ஆறியிருக்கட்டும் என்றுதான் உலகை ஒடுக்குகிறான். ஒன்றும் வேண்டாதவனும் பட்டினியில் அலைகிறவனும் எப்படி ஒருவராக முடியும்?

"எங்களிட்ட இருந்துதான் எடுத்தவங்கள்" என்பது இதையொட்டி வரும் பேச்சு. ஒடுங்கி மறுபடி விரியும் அண்டம் வானியலாளர்களும் பேசிய ஒரு கருத்து. இடித்தேவன் தோரை மார்வெலுக்குத் தந்த வட ஐரோப்பியப் புராணத்திலும் பேரழிவுக்குப் பிறகு பூமி மீண்டும் கடலிலிருந்து எழும்புகிறது. ஒற்றுமையை மட்டும் பார்த்துத் திருட்டு என்று சொல்ல முடியாது.

சிவனே மார்வெலில் பாத்திரமாக வந்ததும் உண்டு. 1980இல் வந்த ஒரு தோர் கதையில் இருவரும் மோதுகிறார்கள். இதைப் பார்த்து மனம் நொந்தவர்களை எனக்குத் தெரியும். மார்வெலின் உலகில் ஓடின், சியூஸ் போன்ற பழைய ஐரோப்பியப் புராணத் தேவர்கள் அண்டத்துக்குள்ளேயே வாழும் பலசாலிகள். அண்டத்தைப் படைத்த இறைவன் அந்த வரிசையில் இல்லை. தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் தயாராக இருக்கின்றன: தேவர், கடவுள். இந்திரன் பதவி இழப்பான், தோற்பான், அழுவான்; அவன் தேவன். கடவுளுக்கு அப்படி ஒரு பதவியே இல்லை. அந்த எழுத்தாளர்கள் சிவனைத் தேவர் வரிசையில் வைத்துவிட்டார்கள். நம்மைப் பொறுத்தவரை அது பிழையான இடம்தான். அதைப் பிழை என்று தெளிவாகச் சொல்லலாம். மார்வெல் தன் கடவுளையே சிவனோடு சண்டைக்கு விட்டது என்று சொல்வது மட்டும் சரியில்லை.

அப்படியானால் மார்வெலின் கடவுள் யார்? இங்கேதான் பெடியன்கள் யாருக்குப் பலம் கூட என்று பட்டியல் போடத் தொடங்குவார்கள். 1965இல் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அறிமுகப்படுத்திய எட்டர்னிட்டியின் உடல் முழுவதும் நட்சத்திரங்கள். அதனால் அவரைப் படைத்தவர் என்று எண்ணிவிடுகிறார்கள். அவர் அண்டமேதான், அதைப் படைத்தவர் அல்ல. 1967இல் வந்த லிவிங் டிரிபியூனல் ஒரு நீதிபதி. இவர்கள் எல்லோருக்கும் மேலே இருப்பவரை 'வன் அபவ் ஆல்' என்கிறார்கள். செலஸ்டியல்கள் எனப்படும் பேருருவங்களில் ஒன்றுக்கும் இதே பெயர் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். யார் யாரை அடிப்பார் என்ற கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மேலானவரை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

2004இல் மார்க் வெய்டும் மைக் வீரிங்கோவும் செய்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 511ஆம் இதழில், அந்த நால்வர் குழுவில் இறந்துபோன பென் என்பவனைத் திரும்பக் கூட்டிவர அவன் குடும்பம் சொர்க்கத்துக்குப் போகிறது. அங்கே கடவுள் ஒரு மேசையில் குனிந்து படம் வரைந்துகொண்டிருக்கிறார். முகம் ஜாக் கிர்பியின் முகம். அவர் பென்சிலை எடுத்து, நால்வரில் ஒருவரான ரீட் ரிச்சர்ட்ஸின் முகத்தில் இருந்த தழும்பை இல்லாமல் செய்கிறார். இதை நிந்தனை என்று சொல்பவர்கள் உண்டு, ஒரு கேலி என்று கடந்துபோகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமாகத் தெரியவில்லை. கிர்பி இறந்தது 1994இல். பத்து வருடம் கழித்து, அவர் உருவாக்கிய பாத்திரங்களே அவர் முன்னால் போய் நிற்கின்றன. அந்தப் பக்கத்தை நான் ஒரு நன்றிக்கடனாகவே வாசிக்கிறேன்.

டிசியிலும் இதே போக்கு உண்டு. 2008இல் கிரான்ட் மாரிசன் எழுதிய கதையில் ஆதியில் இருப்பது களங்கமில்லாத ஒரு வெறுமை. அதற்குள் ஒரு மறு போல பல அண்டங்கள் தெரிகின்றன. எழுதாத வெள்ளைத் தாளில் முதல் துளி மை விழுவது போல இருக்கிறது அது. படக்கதைக்காரர்கள் படைப்பைப் பற்றிப் பேசும்போது தாளையும் பென்சிலையும் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். அந்தப் பக்கங்களை வேதாந்த நூலாகவோ விஞ்ஞானப் பாடமாகவோ எடுத்து வாசிக்கும்போதுதான் தடுக்கி விழுகிறோம்.

"எது உண்மையான தொடக்கக் கதை?" என்ற கேள்வியும் அப்படியானதுதான். திருகோணமலையில் பிறந்தவர்கள் இதற்குத் தடுமாறக் கூடாது. கோணேசர் மலை கயிலையிலிருந்து பெயர்ந்து வந்த துண்டு என்று ஒரு புராணம் சொல்கிறது. அந்த மலையை இராவணன் வெட்டினான் என்று அதே இடத்தில் ஒரு பிளவைக் காட்டுகிறோம். குளக்கோட்டன் கோயில் எடுத்த கதை வேறு. மூன்றையும் ஒரே மூச்சில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், எதையும் தள்ளுவதில்லை. டிசி 1985இல் பன்னிரண்டு இதழ்களில் தன் எண்ணற்ற பூமிகளை ஒன்றாக்கியது. அதற்குக் காரணம், ஐம்பது வருடமாகச் சேர்ந்த முரண்களை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. கதைக்குள் அந்தப் பல பூமிகள் உருவானதற்குப் பழி சுமந்தவன் குரோனா என்ற விஞ்ஞானி.

குரோனாவின் கதை முதலில் 1965இல் வந்தது. ஜோன் புரூம் எழுதி கில் கேன் வரைந்தது. அண்டத்தின் தொடக்கத்தைப் பார்க்கக் கூடாது என்ற தடையை மீறி அவன் ஒரு கருவி வழியாகப் பார்க்கிறான். நட்சத்திரக் கூட்டத்தை ஏந்திய ஒரு பெரிய கை தெரிகிறது. உடனே கருவி வெடிக்கிறது, தீமை பரவுகிறது. பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்ததாகப் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு வானியலாளர்கள் அறிவித்ததும் அதே 1965இல்தான். மருமகன் இதைக் கேட்டதும், "அப்ப இது அடிமுடி தேடின கதை!" என்றான். கிட்டத்தட்டச் சரி. ஆனால் அடிமுடி தேடிக் களைத்தவர்களுக்கு முன் இறைவன் தோன்றி அருளுகிறான். குரோனா தேடியபோது அழிவுதான் வந்தது, அந்தக் கைக்கு உரியவர் தோன்றவே இல்லை.

கடைசியில் அந்தக் கையின் படத்தைத் தொலைபேசியில் எடுத்துக் காட்டினேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். முகத்தை ஏன் வரையவில்லை என்று கேட்டான் சின்னப் பெடியன்.