கேம் ஆடுறவங்க வீடு பாக்கப் போறப்போ

ஹால் பெருசா இருக்குனு உடனே அட்வான்ஸ் குடுத்துடாதீங்க, முதல்ல எந்த ஃபைபர் லைன் உள்ள வருதுனு பக்கத்து வீட்டுல கேளுங்க, ஓனர விட அவங்களுக்குத்தான் நல்லா தெரியும். முடிஞ்சா அவங்க நெட்லயே பிங் டெஸ்ட் (சிக்னல் சர்வருக்குப் போயிட்டு திரும்பி வர எவ்ளோ நேரம் ஆகுதுனு பாக்குறது) போட்டு பாருங்க, ஏன்னா ஸ்பீட் எவ்ளோ இருந்தாலும் பிங் 100 மில்லிசெகண்ட தாண்டுனா ஷூட்டிங் கேம்ல நீங்க சுடுறதுக்குள்ள எதிராளி சுட்டுடுவான். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரெண்டு சுவர் தாண்டுனாலே டல்லாயிடும், அதனால ரவுட்டர்ல இருந்து உங்க ரூமுக்கு லேன் கேபிள் இழுக்க வழி இருக்கானு கண்டிப்பா பாருங்க, 100 மீட்டர் வரைக்கும் தாங்கும்.

அப்புறம் பாட்டு. வீடு மாறுறப்போ நெட் கனெக்‌ஷன் வர லேட்டாகும், முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க. ஸ்பாட்டிஃபைல 30 நாளைக்கு ஒரு தடவயாவது ஆன்லைன் வரணும், இல்லனா டவுன்லோட் பண்ணி வச்ச பாட்டும் ஓடாது. காசு குடுத்து வாங்குன எம்பி3 எல்லாம் தனி ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைங்க.