வீட்டுக் கொல்லையில் ஒரு சரணாலயம்: எங்கிருந்து தொடங்குவது?

பட்டாம்பூச்சிக்கும் பறவைக்கும் தோட்டம் போட நினைப்பவர்கள் நேராக நர்சரிக்குப் போய்ப் பூச்செடி வாங்குவார்கள். பூ இருந்தால் பட்டாம்பூச்சி வரும், தேன் குடிக்கும், போய்விடும். அது இங்கேயே பெருக வேண்டுமென்றால் புழு தின்ன இலை வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் அரை சென்ட் இடம் இருந்தாலே இதைச் செய்யலாம்.

1. முதலில் சிலவற்றை நிறுத்துங்கள்

பூச்சிமருந்து கூடாது. வேப்பெண்ணெய் இயற்கைதானே என்பீர்கள். அது எந்தப் புழுவையும் ஒழுங்காகத் தோலுரிக்க விடாது, நல்ல புழு கெட்ட புழு பார்க்காது. சருகை எரிக்காமல் வாசலிலிருந்து தள்ளி ஒரு மூலையில் குவியுங்கள். அரணை, தேரை குடியேறும். சமையல் மிச்சத்தை மட்டும் அதில் கொட்டாதீர்கள். எலி வரும், அதன் பின்னால் பாம்பும் வரும். சுவர்ப் பொந்தில் மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அது கொசுத்தேனீக் கூடு. கொட்டாது, சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள்.

2. இலைக்காக நான்கு செடிகள்

கறிவேப்பிலை, எலுமிச்சை, எருக்கு, ஆடுதீண்டாப்பாளை.

முதல் இரண்டிலும் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். இளம்புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், துடைத்து எறிந்துவிடாதீர்கள். வளர்ந்தால் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். தாளிக்க வேறு கொத்தில் பறித்துக்கொள்ளுங்கள்.

எருக்கு வெந்தய வரியன் பட்டாம்பூச்சிக்கு. எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் கெடுதல், அதனால் குழந்தைகள் விளையாடாத ஓரத்தில் வையுங்கள்.

ஆடுதீண்டாப்பாளையை நர்சரியில் தேடுவது வீண். வயல் ஓரத்தில் தரையோடு படர்ந்திருக்கும். காய்ந்த காயிலிருந்து விதை எடுத்து வரலாம். ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் இதைத் தின்று வளர்பவை. இலையின் நஞ்சு பூச்சியின் உடம்பிலேயே தங்கிவிடுவதால் பறவைகள் இவற்றைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகியின் பெண்பூச்சிகளில் சில இந்த இரண்டின் வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கின்றன. நஞ்சு ஒரு செடியில், வேடதாரி இன்னொரு செடியில். இரண்டையும் உங்கள் கொல்லையில் ஒன்றாகவே பார்க்கலாம். மூலிகை என்று ஆடுதீண்டாப்பாளையை அரைத்துக் குடிக்க மட்டும் வேண்டாம், சிறுநீரகம் கெடும்.

3. வேலியும் பூவும்

இடமிருந்தால் நொச்சி, ஆடாதொடை, கிளுவை என்று உயிர்வேலி போடுங்கள். மதில்தான் என்றால் அடியில் ஒரு சாண் ஓட்டை விடுங்கள், தேரை போய்வரும். தேன்சிட்டுக்கு இட்லிப்பூவும் செம்பருத்தியும் போதும். ஆனால் அது குஞ்சுக்குச் சிலந்தியையும் பூச்சியையும்தான் ஊட்டும். கூடு கட்டவும் சிலந்தி வலை வேண்டும். அதனால் தோட்டத்தில் ஒட்டடைக்கோலுக்கு வேலையில்லை.

உண்ணிச்செடி வேண்டாம். பட்டாம்பூச்சி மொய்க்கும், உண்மைதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட செடி அது. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை எங்கும் பரப்பிவிடும்.

நடவைப் புரட்டாசியில் வைத்துக்கொண்டால் வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துவிடும்.

4. தண்ணீர்

அகலமான மண்தட்டு, இரண்டு அங்குல ஆழம், நடுவில் ஒரு கல். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி, விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை விளிம்பில்தான் ஒட்டியிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது.

5. காவல்

தண்ணீர்த் தட்டைப் புதரை ஒட்டி வைக்காதீர்கள், பூனை பதுங்கும். பழத்துக்கு நைலான் வலை போட்டால் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். சாரைப்பாம்பு வந்தால் அடிக்க வேண்டாம்: அதற்கு விஷமில்லை, எலியைப் பிடிக்கும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதைக் காக்கிறது. என்ன பாம்பு என்று தெரியாவிட்டால் தள்ளி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், செடியைக் கழிக்கும் முன் அகலமான இலைகளைப் புரட்டிப் பாருங்கள். தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து உள்ளே கூடு வைத்திருக்கும். இருந்தால், குஞ்சு பறக்கும்வரை அந்தக் கிளையை விட்டு மற்றதை மட்டும் வெட்டுங்கள். போட்டோ எடுக்க அடிக்கடி கிட்டே போனால் காகம் கவனித்துவிடும்.