வலைத்தளம் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கருவியைச் செய்தவர் என்ன நினைத்தார்?

வெப் டெவலப்மென்ட் கற்கிறவர்கள் வீடியோ பார்க்கிறார்கள், கோட் எழுதிப் பழகுகிறார்கள், சீக்கிரமே ஒரு தளமும் கட்டிவிடுகிறார்கள். கையில் இருக்கும் கருவியை யார், எந்த அவசரத்தில், எதற்காகச் செய்தார் என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. வரலாறு தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். ஆனால் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழைகளில் பல, அந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

வலைப்பக்கத்தை இயங்கவைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டையே எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பதெல்லாம் ஆற அமர யோசித்து வைத்தது என்று நம்புவதுதான் முதல் தவறு. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். மோக்கா என்று தொடங்கி, லைவ்ஸ்கிரிப்ட் ஆகி, அந்த ஆண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. ஜாவா அப்போது பரபரப்பாகப் பேசப்பட்டதால் பெயரில் ஒட்டிக்கொண்டது. இரண்டும் வெவ்வேறு மொழிகள். அந்த அவசரத்தின் தடம் இன்னும் இருக்கிறது. இரண்டு சமக்குறி (==) போட்டு ஒப்பிட்டால், இரு பக்கமும் வேறு வேறு வகையாக இருந்தாலும் மொழி தானே மாற்றிப் பார்த்துக்கொள்ளும். எண்ணையும், எண் எழுதிய சரத்தையும் (ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளாக வைத்த தரவு) ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று நெட்ஸ்கேப்புக்குள் இந்த மொழியை முதலில் பயன்படுத்தியவர்கள் கேட்டதால் வந்த சலுகை அது. பின்னாளில் ஐக் அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். விளைவு என்ன? வெற்றுச் சரமும் பூஜ்ஜியமும் சமம். பூஜ்ஜியம் எழுதிய சரமும் பூஜ்ஜியமும் சமம். ஆனால் அந்த இரண்டு சரங்களும் ஒன்றுக்கொன்று சமம் இல்லை! படிவத்தில் ஒரு பெட்டியைக் காலியாக விட்டவரையும் பூஜ்ஜியம் என்று நிரப்பியவரையும், பூஜ்ஜியத்தோடு இப்படி ஒப்பிடும் நிரல் ஒன்றாகவே நடத்தும். வகையை மாற்றாமல் ஒப்பிடும் மூன்று சமக்குறி (===) போடுங்கள், விஷயம் முடிந்தது.

சரி, தவறு என்று தெரிந்த பிறகு திருத்த வேண்டியதுதானே? முடியாது. மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல் (null) என்ற வெறுமையை என்ன வகை என்று கேட்டால் 'ஆப்ஜெக்ட்' என்று ஜாவாஸ்கிரிப்ட் இன்றும் பதில் சொல்கிறது. இதைத் திருத்தும் யோசனை வந்தபோது, பழைய தளங்கள் உடைந்துவிடும் என்று கைவிட்டார்கள். வலையில் ஒருமுறை நுழைந்தது லேசில் வெளியேறாது. அதனால், "மொழியில் இருக்கிறதே, பயன்படுத்தினால் என்ன" என்ற வாதம் இங்கே செல்லாது.

பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் விஷயத்தில் நடப்பது வேறு. வடிவமைப்புப் படத்தில் இருப்பது போல ஒரு பிக்சல் பிசகாமல் எல்லாத் திரையிலும் தெரிய வேண்டும் என்று அதனோடு மல்லுக்கட்டுகிறார்கள். 1994 அக்டோபரில் ஹோகோன் வியூம் லீ இதை முன்மொழிந்தபோதும், பிறகு பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்து வேலை செய்தபோதும், அவர்கள் மனதில் இருந்தது அச்சுத் தாள் அல்ல. பக்கத்தை எழுதியவரின் விருப்பம், படிப்பவரின் விருப்பம், பிரவுசரின் இயல்பு ஆகிய மூன்றையும் அடுக்கி ஒரு முடிவுக்கு வரும் ஏற்பாடு அது. இதில் அதிகம் வதைபடுவது, ஒரு விதியை மற்ற விதிகளுக்கு மேலே தூக்கிவைக்கும் 'இம்பார்ட்டன்ட்' (!important) குறிதான். ஒரு நிறம் மாறவில்லை என்றால் உடனே அதைப் போடுகிறோம். அடுத்த வாரம் அதை மீற இன்னொன்று. 1998இல் வந்த சிஎஸ்எஸ் 2 விதிப்படி, படிப்பவர் தன் நடைத்தாளில் (ஸ்டைல்ஷீட்) போடும் இம்பார்ட்டன்ட், எழுதியவர் போட்டதை வென்றுவிடும். பெரிய எழுத்து தேவைப்படுபவர் தன் தேவையை நிலைநாட்டிக்கொள்ளத்தான் அந்த வழி. நிறம் மாறவில்லை என்றால், எந்த விதி அதை மறைக்கிறது என்று பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் பார்த்துவிடலாம்.

பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல்லில் செய்யும் தவறு சின்னது, ஆனால் எங்கும் இருப்பது: பட்டன் வேண்டிய இடத்தில் ஒரு டிவ் (தனக்கென்று பொருள் இல்லாத வெறும் பெட்டி) வைத்து, அதற்குக் கிளிக் மட்டும் சேர்ப்பது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விசைப்பலகை மட்டுமே பயன்படுத்துபவருக்கு அது எட்டாது; பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானும் அதைப் பட்டன் என்று சொல்லாது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் செய்த முதல் வலைப்பக்கம் இன்றைய கைபேசியிலும் தடங்கலின்றிப் படிக்க வருகிறது. அதில் தலைப்பும் இணைப்பும் அதனதன் வேலையைச் செய்கின்றன, அவ்வளவுதான்.

அப்புறம், பழைய பாடத்தை அப்படியே நகலெடுப்பது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட, சர்வரில் ஓடும் மொழியான பிஎச்பி, சொந்த வலைப்பக்கத்தைப் பராமரிக்க எழுதிய சிறு கருவிகளாகத் தொடங்கியது. அந்தச் சூழலுக்குப் பொருந்திய பல பழக்கங்கள், முன்பின் தெரியாதவர்களின் தரவைக் கையாளும் தளத்துக்கு ஆபத்து. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசும் பழைய செயற்கூறுகள் 2015இல் வந்த பிஎச்பி 7இலேயே நீக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் பயனர் தட்டச்சு செய்ததை நேராகத் தரவுத்தள வினவலில் ஒட்டும் பாடங்கள் இன்னும் சுற்றிவருகின்றன. பயனரின் தரவை வினவலோடு கலக்காமல் தனியாக அனுப்பும் பிரிபேர்ட் ஸ்டேட்மென்ட் இல்லாத பாடம் கண்ணில் பட்டால் அப்படியே மூடிவிடுங்கள்.

பெரிய நிறுவனம் செய்தது என்பதற்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் சரியல்ல. திரைகளைக் கட்ட உதவும் நிரல் நூலகமான ரியாக்டை ஃபேஸ்புக்கில் ஜோர்டன் வாக் உருவாக்கினார். 2013இல் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. நொடிக்கு நொடி மாறும் திரைகளுக்கான தீர்வு அது. நான்கு பக்க அறிமுகத் தளத்துக்கு அந்தச் சிக்கலே இல்லை. உருவாக்கியவர்களே தங்கள் படைப்பை வேதமாக நினைப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸை 2009இல் கொண்டுவந்த ரயன் டால், 2018இல் மேடையேறி 'அதில் நான் வருந்தும் பத்து விஷயங்கள்' என்ற தலைப்பிலேயே பேசினார். பாதுகாப்பில் போதிய கவனம் வைக்காததும், நிறுவும் பேக்கேஜ்கள் (பிறர் எழுதிய ஆயத்த நிரல்கள்) எல்லாம் வந்து சேரும் நோட் மாட்யூல்ஸ் என்ற அந்தப் பெருங்குவியலும் அதில் உண்டு.

குவியல் என்றதும் எனக்கு மிகவும் உறுத்தும் தவறு நினைவுக்கு வருகிறது. நாம் நிறுவும் ஒவ்வொரு பேக்கேஜுக்குப் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி நிரலை, ஒரு பெயர்த் தகராறில் அதை எழுதியவர், பேக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து நீக்கினார். அதை நம்பியிருந்த ஏராளமான திட்டங்கள் ஒரே நாளில் பில்ட் ஆகாமல் நின்றன. 2018இல் நடந்தது இன்னும் மோசம். ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜைச் சம்பளமின்றிப் பராமரித்துவந்தவர், உதவுகிறேன் என்று முன்வந்த ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். வந்தவரோ பிட்காயின் திருடும் நிரலை உள்ளே நுழைத்தார். பராமரித்தவரைத் திட்டித் தீர்த்தவர்கள் நிறைய. அதுவரை அவருக்கு நன்றி சொன்னவர்களோ பண உதவி செய்தவர்களோ எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

ஆகவே பத்து வரியில் நாமே எழுதக்கூடியதற்குப் பேக்கேஜ் தேட வேண்டாம். எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் லாக் ஃபைலைக் கோடோடு சேர்த்தே கமிட் செய்யுங்கள். பிழை கண்டால், "வேலை செய்யவில்லை, அவசரம்" என்று எழுதாமல், பிழையைத் திரும்ப வரவைக்கும் சிறு உதாரணத்தையும் பதிப்பு எண்ணையும் கொடுங்கள். பல பேக்கேஜ்கள் வெளியாகும் எம்ஐடி உரிமத்தில் எந்த உத்தரவாதமும் கிடையாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது; அதட்டிக் கேட்க நமக்கு உரிமை இல்லை. உங்கள் திட்டம் நம்பியிருப்பவர்களில் யாரெல்லாம் நிதி கேட்கிறார்கள் என்று பார்க்க, ப்ராஜெக்ட் ஃபோல்டரில் 'என்பிஎம் ஃபண்ட்' கட்டளையை ஓட்டினால் போதும், பட்டியல் வந்துவிடும்.